டொமினிகா 2011: 90 பந்தில் 86 ரன் வேண்டும், கையில் 7 விக்கெட். கைகுலுக்கியது சரியா?

ஐந்தாம் நாள்

இந்திய டெஸ்ட் கேப்டன்களின் தற்காப்பு ஆட்டம் பற்றிப் பேச்சு வந்தாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது டொமினிகாவின் ரோசோ நகரில் இருக்கும் வின்ட்சர் பார்க் மைதானம்தான். 2011 ஜூலை, வெஸ்ட் இண்டீஸ் தொடரின் மூன்றாவது, கடைசி டெஸ்ட். ஜமைக்காவில் 63 ரன்னில் ஜெயித்தோம், பார்படாஸ் டிரா. 1-0 முன்னிலையோடுதான் இங்கே வந்தோம்.

மறந்தவர்களுக்காக ஸ்கோர்: வெஸ்ட் இண்டீஸ் 204, இந்தியா 347, வெஸ்ட் இண்டீஸ் 322. நமக்கு இலக்கு 180, கிடைத்தது 47 ஓவர். முகுந்த் ரன் எடுக்காமலே போனார். விஜய் 45, ரெய்னா 8. 32 ஓவரில் 94/3. டிராவிட் 34, லக்ஷ்மண் 3 என்று களத்தில் நிற்கிறார்கள். கடைசி ஒரு மணி நேரத்துக்கான 15 ஓவர் தொடங்க வேண்டிய நேரத்தில் இரண்டு கேப்டன்களும் டிரா என்று ஒத்துக்கொண்டு, கைகுலுக்கி ஆட்டத்தை முடித்துவிட்டார்கள்.

ஓவருக்கு ஆறுகூட வேண்டாம். களத்தில் டிராவிட், லக்ஷ்மண். அடுத்து கோலி, கேப்டன் தோனி, ஹர்பஜன். அன்றைக்கு நாம் உலகின் நம்பர் 1 டெஸ்ட் அணி.

தொடர் 1-0 என்று முடிந்தால் போதும் என்ற எண்ணம் எனக்குப் புரிகிறது. ஆனால் தோற்க வேண்டுமானால் அந்த 90 பந்தில் ஏழு விக்கெட் விழ வேண்டும். ஐந்து ஓவர் முயன்று பார்த்து, இரண்டு விக்கெட் போனால் மீதிப் பத்து ஓவரைத் தடுத்து ஆடி டிரா செய்திருக்கலாம். துரத்துவதை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். கைகுலுக்கிய பிறகு திரும்பத் தொடங்க முடியாது. தோனியின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு, அதனால்தான் இந்த ஒரு முடிவை என்னால் ஏற்கவே முடியவில்லை.

சில்லிபாயிண்ட்

நண்பரே, நீங்கள் சொல்லும் 5.73 ரன் ரேட் ஒருநாள் ஆட்டத்துக் கணக்கு. டெஸ்டில் அப்படிப் பார்க்க முடியாது. உள்வட்டக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. லெக் பக்கம் ஸ்கொயருக்குப் பின்னால் இரண்டு பேருக்கு மேல் நிற்கக் கூடாது, அவ்வளவுதான். மற்றவர்களை எல்லைக்கோட்டில் வரிசையாக நிறுத்தி வைக்கலாம். வைடும் அவ்வளவு சீக்கிரம் கொடுக்க மாட்டார்கள். ஆஃப் ஸ்டம்புக்கு ஒரு கஜம் வெளியே, இல்லை லெக் ஸ்டம்புக்கு வெளியே என்று 90 பந்தையும் போட்டுவிட்டுப் போகலாம். அதுவும் வேகமே இல்லாத ஐந்தாம் நாள் பிட்ச். அதுவரை நாம் ஆடியதே ஓவருக்கு மூன்றுக்குக் கீழே. அங்கிருந்து திடீரென்று இரண்டு மடங்கு வேகத்துக்குப் போவது காகிதத்தில்தான் சுலபம்.

அணியையும் பாருங்கள். சச்சின் இல்லை, சேவாக் இல்லை, கம்பீர் இல்லை, ஜாகீர் இல்லை. டங்கன் ஃபிளெட்சர் பயிற்சியாளராக வந்து அதுதான் முதல் தொடர். கோலிக்கும் அதுதான் முதல் டெஸ்ட் தொடர், அதில் ஐந்து இன்னிங்ஸ் சேர்த்தும் அவருக்கு நூறு ரன் வரவில்லை. ஹர்பஜனுக்குப் பிறகு மூன்று வேகப்பந்து வீச்சாளர்கள். ‘கையில் ஏழு விக்கெட்’ என்கிறீர்கள். நம்பி ஆடக்கூடியது நாலு, நாலரைதான்.

கேப்டனின் வேலை தொடரை ஜெயிப்பது. அதை அவர் செய்தார்.

ஆஃப்கட்டர்

சில்லிபாயிண்ட் சொன்னதை வழிமொழிகிறேன். விக்கெட் கொத்தாக விழாது என்று யாரும் நினைக்க வேண்டாம். அடிலெய்ட் 2014, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக. கோலி கேப்டனாக இருந்த முதல் டெஸ்ட், இலக்கு 364. விஜயும் அவரும் 242/2 வரை கொண்டுபோனார்கள். விஜய் 99-ல் அவுட். அங்கிருந்து 315-க்கு ஆல் அவுட், 48 ரன்னில் தோல்வி. கடைசி எட்டு விக்கெட்டுக்கு 73 ரன். துரத்தப் போய்ச் சுருண்டால் அப்படித்தான் இருக்கும்.

ஐந்தாம் நாள்

@ஆஃப்கட்டர் அடிலெய்டில் சுழற்பந்து வீச்சாளர் லயன் அந்த இன்னிங்ஸில் மட்டும் ஏழு விக்கெட் எடுத்தார், பந்து காலடித் தடங்களில் பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. ரோசோவில் அப்படி எதுவும் நடக்கவில்லை. பிட்ச் மெதுவானது, பந்து மட்டைக்கே வரவில்லை என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள். அந்தப் பிட்சில் ரன் எடுப்பது எவ்வளவு கஷ்டமோ, அவுட் ஆக்குவதும் அவ்வளவு கஷ்டம்.

@சில்லிபாயிண்ட் நீங்கள் சொன்ன ஃபீல்டையே எடுத்துக்கொள்வோம். வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் சாமி ஏழெட்டுப் பேரை எல்லைக்கோட்டில் நிறுத்துகிறார். சரி. அப்புறம் ஸ்லிப் எங்கே? ஷார்ட் லெக் எங்கே? டிராவிடை அவுட் ஆக்க யார் பக்கத்தில் நிற்கிறார்கள்? அப்படிப்பட்ட ஃபீல்டில் நான்கு சிங்கிளும் ஒரு இரண்டும் தட்டி எடுக்க லக்ஷ்மணின் மணிக்கட்டுக்கு எந்த ஆபத்தான ஷாட்டும் தேவையில்லை. அதுவே ஆறு ரன். ஜெயிக்க வேண்டும் என்று சாமி ஆட்களை மட்டைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால் பின்னால் இடம் திறந்துவிடும். ரன்னையும் அடைத்து ஏழு விக்கெட்டையும் எடுப்பது ஒரே ஃபீல்டில் நடக்காது. தோற்றுவிடுவோம் என்ற பயத்துக்கும் ரன் வராது என்ற வாதத்துக்கும் வேறு வேறு ஃபீல்டு வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லித்தான் அந்தக் கைகுலுக்கலை எல்லோரும் நியாயப்படுத்துகிறார்கள்.

கல்லிப்பக்கம்

இந்தக் கடைசிப் பாராவுக்கு யாராவது பதில் சொல்லுங்கள். நான் இத்தனை வருடமும் சில்லிபாயிண்ட் பக்கம்தான் இருந்தேன். இப்போது யோசிக்க வைக்கிறது.

சில்லிபாயிண்ட்

பதில் இருக்கிறது. விக்கெட் விழ ஸ்லிப் வேண்டும் என்பது தடுத்து ஆடுகிறவருக்குப் பொருந்தும். ரேட் ஏழு, எட்டு என்று ஏறும்போது தூக்கி அடித்துத்தான் ஆக வேண்டும். அப்போது எல்லைக்கோட்டில் நிற்கிறவர்தான் கேட்ச் பிடிக்கிறவர். புதிதாக வருகிற மட்டையாளர் இரண்டு பந்து தடவுவார், ரேட் இன்னும் ஏறும். மூன்று விக்கெட் போனதும் சாமி ஆட்களை உள்ளே கொண்டுவருவார். ஃபீல்டு 15 ஓவரும் ஒரே மாதிரி இருக்காது, நண்பரே.

இரண்டு விக்கெட் போனதும் நிறுத்திக்கொள்ளலாம் என்பதும் அவ்வளவு லேசான வேலை இல்லை. அடித்து ஆடும் மனநிலையிலிருந்து கதவை அடைக்கும் மனநிலைக்கு நடுவழியில் மாறச் சொல்கிறீர்கள். டிராவிடால் முடியும். இருபத்திரண்டு வயதுப் பையனால் தன் முதல் தொடரில் முடியுமா?

பழையஸ்கோர்புக்

தம்பிகளே, எல்லோரும் கடைசி 15 ஓவரையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். நான் அந்த ஐந்தாம் நாளை முழுசாகப் பார்த்தவன். இங்கே மாலையில் ஆரம்பித்து நள்ளிரவு தாண்டி ஓடிய ஆட்டம். என்னைக் கேட்டால் தற்காப்பு அன்று காலையிலேயே தொடங்கிவிட்டது.

நான்காம் நாள் முடிவில் அவர்கள் 224/6, முன்னிலை 81 தான். கிர்க் எட்வர்ட்ஸ் தன் முதல் டெஸ்டிலேயே 110 அடித்துவிட்டுப் போய்விட்டார். மிச்சம் இருந்த ஒரே தடை சந்தர்பால். மறுநாள் காலை மீதி நான்கு விக்கெட்டைச் சட்டென்று எடுத்திருந்தால் நூற்றுச் சொச்ச ரன்னைத் துரத்த நமக்கு ஏறக்குறைய முழு நாளும் கிடைத்திருக்கும். நாம் என்ன செய்தோம்? சந்தர்பாலுக்கு ஃபீல்டைப் பரப்பினோம். அவர் சிங்கிள் எடுக்கட்டும், எதிர்முனையில் இருக்கிற வால் ஆட்டக்காரரைத் தாக்குவோம் என்ற பழைய கணக்கு. சந்தர்பால் மாதிரி ஆளிடம் அது பலிக்காது. ஓவரின் நான்காவது, ஐந்தாவது பந்து வரை ஆடிவிட்டுத்தான் அந்த சிங்கிளை எடுப்பார். ஃபிடெல் எட்வர்ட்ஸுக்கு அந்த இன்னிங்ஸில் 30 ரன் வந்தது. பதினொன்றாவது ஆளாக இறங்குகிற மனிதர். சந்தர்பால் கடைசி வரை அவுட் ஆகாமல் 116.

கேப்டன் இழந்தது அங்கேதான், ரன்னையும் நேரத்தையும் சேர்த்தே இழந்தார். இலக்கு 180 ஆனதும் ஓவர் 47 ஆனதும் ஒரே காரணத்தால்தான். ஹர்பஜன் 400 விக்கெட்டைக் கடந்த டெஸ்ட் அது, இரண்டாவது இன்னிங்ஸில் நான்கு விக்கெட் எடுத்தார். அப்படிப்பட்டவருக்கு நம்பிக்கையான நேரத்தில் ஒரு சில்லி பாயிண்டும் ஒரு ஷார்ட் லெக்கும் கொடுக்காமல் டீப் கவரில் ஆளை நிறுத்தினால், பந்துவீச்சாளருக்கும் மெல்ல அந்த எண்ணம் வந்துவிடும். விக்கெட் எடுப்பதை விட்டுவிட்டு ரன் கொடுக்காமல் இருப்பதைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்.

கல்லிப்பக்கம்

அண்ணா, நியாயமான பேச்சு. ஆனால் பரப்பி வைப்பது எப்போதும் தற்காப்பு ஆகாது இல்லையா? 2008 நாக்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இதே தோனி ஆஃப் பக்கம் எட்டுப் பேர், லெக் பக்கம் ஒரே ஒருவர் என்று நிறுத்தினார். ஜாகீரும் இஷாந்தும் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியிலேயே போட்டார்கள். மூன்றாம் நாள் காலை செஷனில் 24 ஓவரில் 42 ரன்தான் வந்தது. அப்போது அதையும் தற்காப்பு என்றார்கள், ஆட்டத்தைக் கெடுக்கிறார் என்றார்கள். ரன் வராத எரிச்சலில் ஆஸ்திரேலியா சரிந்தது, நாம் 172 ரன்னில் ஜெயித்தோம், தொடர் 2-0.

பழையஸ்கோர்புக்

அதில் ஒரு நோக்கம் இருந்தது தம்பி. ஆஸ்திரேலியாவுக்கு அந்தத் தொடரைச் சமன் செய்ய வெற்றி தேவைப்பட்டது. ரன் தேவைப்படுகிறவனுக்கு ரன்னை அடைத்தால் அவன் தவறு செய்வான். 2011-ல் சந்தர்பாலுக்கு ரன் முக்கியமே இல்லை, நேரம்தான் வேண்டும். அவருக்கு ஃபீல்டைப் பரப்பினால் அவர் கேட்டதையே கொடுத்த மாதிரி. ஒரே ஃபீல்டு ஓரிடத்தில் தாக்குதல், இன்னோரிடத்தில் சரணாகதி. எதிரில் இருக்கிறவருக்கு என்ன தேவை என்று பார்க்காமல் ‘பரப்பினார், பரப்பவில்லை’ என்று மட்டும் பேசுவதில் பயனில்லை.

வெளிநாட்டுடூர்

வெலிங்டன் 2009-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கேயும் 1-0 முன்னிலை, கடைசி டெஸ்ட். நான்காம் நாள் காலையிலும் ஆடிவிட்டுத்தான் தோனி டிக்ளேர் செய்தார். நியூசிலாந்துக்கு இலக்கு 617. டெஸ்ட் வரலாற்றில் அதிகபட்சமாகத் துரத்தி எடுத்தது 418. அதற்கும் மேலே இருநூறு ரன் எதற்கு? ஐந்தாம் நாள் மழை வந்தபோது அவர்கள் 281/8. இன்னும் இரண்டே விக்கெட். ஒரு மணி நேரம் முன்னாடி டிக்ளேர் செய்திருந்தால் 2-0.

41 வருடம் கழித்து நியூசிலாந்தில் ஜெயித்த தொடர் என்பதால் யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தோனிக்கு 1-0 என்பது பூட்டி வைக்க வேண்டிய சொத்து என்பது தெரிகிறது.

ஆஃப்கட்டர்

பூட்டி வைப்பதில் என்ன தப்பு என்பதுதான் எனக்குப் புரியவில்லை. நாற்பது வருடம் ஜெயிக்காத இடத்தில் ஜெயித்த கேப்டனிடம் ‘ஏன் இரண்டாக ஜெயிக்கவில்லை’ என்று கேட்கிறோம். வெளிநாட்டில் முன்னிலை பெற்றுவிட்டுக் கோட்டைவிட்ட தொடர்கள் எத்தனை பார்த்திருக்கிறோம்! அந்த அனுபவம் உள்ள அணிக்கு 1-0 பெரிய விஷயம்.

மும்பை 2011-ஐ யாரும் சொல்லவில்லையே. அதே வருடம் நவம்பர், அதே வெஸ்ட் இண்டீஸ், அதே கேப்டன். இலக்கு 243, கிடைத்தது 64 ஓவர். 242/9. கடைசிப் பந்தில் இரண்டு ரன் வேண்டும், அஷ்வின் இரண்டாவது ரன்னுக்கு ஓடி ரன் அவுட். ஸ்கோர் சமம், ஆட்டம் டிரா. டெஸ்ட் வரலாற்றில் அது இரண்டாவது முறைதான். தோனி சுபாவத்திலேயே தற்காப்புக்காரர் என்றால் அந்த ஆட்டம் அதுவரை போயிருக்காது.

ஐந்தாம் நாள்

ஆஃப்கட்டர், மும்பையில் தொடர் ஏற்கெனவே 2-0 என்று கையில் இருந்தது. தோற்றாலும் போக ஒன்றுமில்லை. வெலிங்டனிலும் ரோசோவிலும் போவதற்கு இருந்தது, ஆடவில்லை. இந்த மூன்றையும் அடுக்கினால் நான் சொல்வதுதான் வருகிறது. ஆட்டத்தின் நிலைமையைப் பார்த்து முடிவெடுக்கவில்லை, தொடரின் ஸ்கோரைப் பார்த்து எடுத்தார்.

அந்த மும்பை டிராவை யாரும் குறையாகப் பேசுவதில்லை என்பதையும் கவனியுங்கள். அஷ்வினைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேசினார்கள், அதுவும் முதல் ரன்னை நிதானமாக ஓடினார் என்று. அந்த டெஸ்டில் நூறு அடித்து ஒன்பது விக்கெட்டும் எடுத்த மனிதர் அவர், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று. ரோசோவில் லக்ஷ்மணுக்கு முன்பே ரெய்னாவை இறக்கினார்கள். எதற்கு? துரத்துவதற்குத்தான். ஆக, துரத்தும் எண்ணம் இருந்திருக்கிறது. ஒரு ரெய்னா போனதும் எண்ணமும் போய்விட்டது. ஒரே ஒரு விக்கெட்டில் கலைகிற திட்டத்தைத் திட்டம் என்று எப்படிச் சொல்வது?

பழையஸ்கோர்புக்

ரெய்னா பேச்சு வந்ததும் எனக்கு இங்கிலாந்துக்கு எதிரான ஓவல் 1979 டெஸ்ட் ஞாபகம் வந்துவிட்டது. நம் வெங்கட்ராகவன்தான் கேப்டன். இலக்கு 438. கவாஸ்கர் 221. சௌஹான் 80, வெங்சர்க்கார் 52. வெங்சர்க்கார் போனதும் விஸ்வநாத்துக்கு முன்னால் கபில்தேவை இறக்கினார், வேகம் வேண்டும் என்று. கபில் பூஜ்ஜியம். கடைசியில் 429/8, ஒன்பது ரன் குறைவு. விஸ்வநாத்தை முன்பே இறக்கியிருந்தால் ஜெயித்திருப்போம் என்று அன்று பேசினோம், இன்றும் பேசுகிறோம்.

ஆனால் வெங்கட் கபில் போனதும் கடையை மூடவில்லை. யஷ்பால், விஸ்வநாத், தான் என்று கடைசி ஓவர் வரை இழுத்தார். எட்டு விக்கெட் போகும்வரை துரத்தியும் தோற்கவில்லை. முடிவு தப்பாகப் போன கேப்டனை என்னால் மன்னிக்க முடியும் தம்பி. ஒன்பது ரன் குறைந்த அந்த டிராவைப் பெருமையாகத்தான் வைத்திருக்கிறோம்.

சில்லிபாயிண்ட்

சார், ஓவலில் நாம் 0-1 பின்தங்கி இருந்தோம். இழக்க ஒன்றுமில்லாதவன் துணிவதையும் முன்னிலையில் இருப்பவன் துணிவதையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம்.

வெளிநாட்டுடூர்

அப்படியானால் லார்ட்ஸ் 2021. தொடர் 0-0, இரண்டு டெஸ்டில் முதலாவது. நியூசிலாந்து கேப்டன் வில்லியம்சன் ஐந்தாம் நாள் மதிய இடைவேளையில் டிக்ளேர் செய்து இங்கிலாந்துக்கு 75 ஓவரில் 273 கொடுத்தார். ஓவருக்கு நாலுகூட இல்லை. ரூட்டின் அணி தொட்டே பார்க்கவில்லை, 170/3 என்று டிரா. முன்னிலையும் இல்லை, பின்னடைவும் இல்லை, ஆனாலும் ஆடவில்லை. அடுத்த டெஸ்டை நியூசிலாந்து ஜெயித்துத் தொடரைக் கொண்டுபோனது.

ஒரு வருடம் கழித்து அதே இங்கிலாந்து, அதே நியூசிலாந்து, டிரென்ட் பிரிட்ஜ். ஸ்டோக்ஸ் கேப்டன். இலக்கு 299. பேர்ஸ்டோ 136, ஐம்பது ஓவரில் முடித்துவிட்டார்கள். ஆட்களில் பாதிப்பேர் பழையவர்கள்தான், ரூட்டே அதில் ஆடினார். கேப்டன் என்ன நினைக்கிறார் என்பது மட்டையாளர்களின் கையை எவ்வளவு மாற்றுகிறது பாருங்கள்.

கல்லிப்பக்கம்

இப்போது டெஸ்ட் சாம்பியன்ஷிப் புள்ளிகளும் இருக்கின்றன. ஜெயித்தால் 12, டிரா செய்தால் 4. 2011-ல் அப்படி எதுவும் கிடையாது, தொடரின் முடிவுதான் எல்லாம். இன்றைய கண்ணால் அன்றைய கேப்டனைப் பார்ப்பது கொஞ்சம் அநியாயம் என்றே நினைக்கிறேன். இன்று அதே 94/3-ல் யாரும் கைகுலுக்க மாட்டார்கள், எட்டுப் புள்ளி கீழே கிடக்கிறதே.

ஆஃப்கட்டர்

அதே. டொமினிகாவுக்குப் பிறகு இங்கிலாந்து போய் 4-0 தோற்றதற்கும் இந்தக் கைகுலுக்கலைத்தான் சிலர் காரணமாகச் சொல்வார்கள். அதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். லார்ட்ஸில் முதல் நாளே ஜாகீர் காயம் பட்டு வெளியேறினார், அந்தப் பந்துவீச்சு அதிலிருந்து மீளவே இல்லை. கைகுலுக்கலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஐந்தாம் நாள்

இங்கிலாந்து தோல்வியை நானும் இதோடு சேர்க்க மாட்டேன். கல்லிப்பக்கம் சொன்ன புள்ளிக் கணக்கையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம்பர் 1 அணி என்று பெயர் வாங்கிய அணி ஜெயிக்க ஆட வேண்டும் என்பதற்குப் புள்ளி எதற்கு?

சில்லிபாயிண்ட், உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். இருபத்திரண்டு வயதுக் கோலியை நம்ப முடியாது என்றால் சரி, அவரை இறக்க வேண்டாம். முதல் ஐந்து ஓவர் டிராவிடும் லக்ஷ்மணும் சிங்கிள், இரண்டு என்று 25 எடுக்கட்டும். பத்து ஓவரில் 61 வேண்டும் என்ற நிலை. அந்த நேரத்தில் ஒரு விக்கெட் விழுந்தால் அடுத்து தோனியே வர வேண்டும். முதல் இன்னிங்ஸில் 74 அடித்தவர், அந்தப் பிட்சில் பந்து எவ்வளவு மெதுவாக வருகிறது என்பது அவர் கைக்குத் தெரியும்.

சில்லிபாயிண்ட்

61 ஆக இருந்தால் நானும் தோனியை அனுப்புவேன். எனக்குச் சந்தேகம் அந்த முதல் 25-ல்தான். அவர்களுடைய லெக் ஸ்பின்னர் பிஷூ ஒரு முனையிலிருந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே போட்டுக்கொண்டே இருந்தால் டிராவிட் அதை எங்கே தட்டுவார்?